பாட்டரியின் மேல் வீண் பழி

மோட்டார் வண்டியில் ஓட்டுகிறவருக்கு எதிரே இருக்கும் பலகையில் இக்காலத்தில் எத்தனையோ சின்னங்கள் குடியேறிவிட்டன. சாவியைத் திருப்பியதும் அவையெல்லாம் கார்த்திகை தீபம் போல் ஒரே சமயத்தில் ஒளிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாய் அணைகின்றன. எண்ணெய்க் கிண்ணம் போல் ஒன்று. தண்ணீரில் அமிழ்ந்த உஷ்ணமானி போல் ஒன்று. ஆச்சரியக் குறியைச் சுமந்த வட்டம் ஒன்று. இவற்றில் எதன் பொருளையும் விசாரிக்காமல் இருபது வருஷம் வண்டி ஓட்டியவர்களை நாம் அறிவோம். அவர்களில் சிலர் நம்மைக் காட்டிலும் நன்றாகவே ஓட்டுகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தச் சின்னங்களுள் ஒன்றைப் பற்றி மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சிறு பெட்டி. அதன் தலையில் இரண்டு முளைகள். உள்ளே ஒரு பக்கம் கூட்டல் குறி, மறு பக்கம் கழித்தல் குறி. சிவப்பு நிறம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இது எரிந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், “பாட்டரி போய்விட்டது” என்று தீர்மானித்து, புதுப் பாட்டரி வாங்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். படத்தில் இருப்பது பாட்டரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் விளக்கு குறை கூறுவது பெரும்பாலும் பாட்டரியைப் பற்றியல்ல. படம் வரைந்த புண்ணியவான் செய்த வேலையினால் ஒரு பாவமும் அறியாத எத்தனையோ பாட்டரிகள் அகாலத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

விஷயம் இதுதான். நெற்குதிர் உள்ள வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் விளைந்தது குதிருக்கு வருகிறது. குதிரிலிருந்து அன்றாடம் அளந்து எடுக்கிறார்கள். வண்டியில் பாட்டரி என்பது குதிர். வயல் என்பது எஞ்ஜினோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர். நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் அதை டைனமோ என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். எஞ்ஜினைக் கிளப்பும் அந்த இரண்டொரு விநாடியில் செல்ஃப் மோட்டார் பாட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கு மேல் வாங்கிக் குடித்துவிடுகிறது. அதன் பிறகு விளக்கு, விசிறி, பெட்ரோல் பம்பு, பாட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் படியளப்பது டைனமோவே. பாட்டரி செலவழித்ததைத் திருப்பி நிரப்புவதும் அதுவே. ஓடும் வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால், வயலிலிருந்து குதிருக்கு நெல் வரவில்லை என்று அர்த்தம். வயல் விளையவில்லையா, வண்டி வழியில் குடை சாய்ந்ததா, குதிரின் வாய் அடைபட்டிருக்கிறதா என்பதெல்லாம் பிறகு விசாரிக்க வேண்டியவை. வரவு நின்றுவிட்டது, செலவு நிற்கவில்லை.

இதை அந்தச் சிறு விளக்கு எப்படி அறிந்துகொள்கிறது? வெகு எளிய உபாயம். வாய்க்காலால் இணைந்த இரண்டு குளங்களில் நீர்மட்டம் ஒன்றாயிருந்தால் வாய்க்காலில் ஓட்டம் இராது. ஒன்று தாழ்ந்தால் ஓட்டம் உண்டு. விளக்கின் ஒரு முனை, சாவியின் வழியாகப் பாட்டரியோடு சேர்ந்திருக்கிறது. மறு முனை டைனமோவோடு. டைனமோ சுழலாதபோது அந்தப் பக்கத்தில் மின் அழுத்தம் இல்லை, பாட்டரியிலிருந்து விளக்கின் வழியே மின்சாரம் பாய்கிறது, விளக்கு எரிகிறது. டைனமோ வேலை செய்யத் தொடங்கியதும் இரு பக்கமும் மட்டம் ஒன்றாகிறது, பாய்ச்சல் நிற்கிறது, விளக்கு அணைகிறது. புதிய வண்டிகளில் இந்த வேலையை ஒரு சிறு கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டு, டைனமோவைக் கேட்டுத் தெரிந்து விளக்கை ஏற்றுகிறது. சேதி ஒன்றே.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். சாவியைத் திருப்பி, எஞ்ஜின் கிளம்புமுன் இந்த விளக்கு எரிந்தே ஆகவேண்டும். எரியாவிட்டால் “ஆகா, குறையே இல்லை” என்று மகிழ்வதற்கில்லை. பழைய அமைப்புள்ள பல வண்டிகளில் விளக்கின் வழியே போகும் அந்தச் சிறு மின்சாரந்தான் டைனமோவின் உள்ளிருக்கும் காந்தத்துக்கு முதல் உயிர் கொடுக்கிறது. பல்பு கெட்டுப்போனால் காவற்காரன் தூங்குவது மட்டுமல்ல. சில சமயம் டைனமோவும் கண் விழிப்பதில்லை.

நம் சக ஆசிரியர் ஒருவருடைய அனுபவம் இங்கே சொல்லத்தக்கது. கணக்கு வாத்தியார், கணக்கில் புலி. மறுநாள் விடியற்காலை மதுரையில் உறவினர் வீட்டு முகூர்த்தம். திருச்சியிலிருந்து மனைவி, தாயார், இரண்டு குழந்தைகளுடன் மாலையில் புறப்பட்டார். விராலிமலையை நெருங்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி ஒழுங்காகவே ஓடியது. ஆயினும் நல்ல புத்தியாகச் சாலையோரக் கடை ஒன்றில் நிறுத்திக் காட்டினார். கடைக்காரர் விளக்கைப் பார்த்தார், பாட்டரியைப் பார்த்தார், “மூன்று வருஷம் ஆகிவிட்டதல்லவா, ஸார்?” என்றார். மூன்று வருஷம் ஆகியிருந்தது உண்மை. புதுப் பாட்டரி ஏறியது. எஞ்ஜின் ஒரே தொடுதலில் கிளம்பியது. விளக்கு அணையவில்லை. “ஓட ஓடச் சரியாய்ப் போய்விடும்” என்றார் கடைக்காரர். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அபாயம் முழுவதும் ஒளிந்திருந்தது.

இருட்டிவிட்டது. முன் விளக்கு, குளிர்சாதனம், குழந்தைகளுக்காகப் பாட்டு எல்லாம் போட்டுக்கொண்டு போனார்கள். துவரங்குறிச்சியைத் தாண்டி மேலும் கொஞ்ச தூரம். முதலில் பாட்டு நின்றது. பிறகு பலகையில் வேறு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய் எரிந்தன. முன் விளக்கு மஞ்சளாகி மங்கியது. எஞ்ஜின் இரண்டு முறை குலுங்கி ஓய்ந்தது. நாற்கரச் சாலையின் இடது ஓரத்தில், தெருவிளக்கு இல்லாத இடத்தில், வண்டி ஒரு கரிய கட்டையைப் போல் நின்றுவிட்டது. கரிய கட்டை என்று சொன்னதில் மிகை இல்லை. பாட்டரி அடியோடு வற்றியதால், நின்ற வண்டியைப் பிறருக்குக் காட்டும் மஞ்சள் விளக்குகள்கூடச் சிமிட்டவில்லை. பின்னால் மணல் லாரிகளும் ஆம்னி பஸ்களும் வந்துகொண்டிருந்தன. வாத்தியார் அந்தச் சமயத்தில் செய்த காரியம் மிகச் சரியானது. எல்லாரையும் இறக்கி, சாலையோர இரும்புத் தடுப்புக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார். சிவப்பு முக்கோணத்தை வண்டிக்கு நல்ல தூரம் பின்னால் வைத்தார். கைப்பேசியின் வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டே ஒதுங்கி நின்றார். முகூர்த்தத்துக்கு வாடகைக் காரில் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் மேலூரில் ஒரு பட்டறைக்காரர் டைனமோவைக் கழற்றி, தேய்ந்துபோன கார்பன் பிரஷ் இரண்டையும் மாற்றினார். ஒரு மணி நேர வேலை. புதுப் பாட்டரிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

புதுப் பாட்டரி போட்டதும் வண்டி கிளம்பியதே என்று கேட்கலாம். கிளம்பத்தான் செய்யும். காலியாகிக்கொண்டிருந்த குதிரை எடுத்துவிட்டு நிரம்பிய குதிர் ஒன்றை வைத்தால் அன்றைக்குச் சோறு உண்டு. அதனால் வயல் விளைந்துவிட்டதாகுமா? புதுப் பாட்டரி அவருக்கு வாங்கிக் கொடுத்தது சுமார் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் விளக்கும் கடையும் உள்ள இடத்திலிருந்து இரண்டுமற்ற இடத்துக்கு அவரைக் கொண்டுபோய்விட்டது.

எவ்வளவு நேரம் ஓடும் என்பதை யாரும் வீட்டிலேயே கணக்குப் பண்ணிக்கொள்ளலாம். சிறிய கார்களில் அநேகமாக 35 ஆம்பியர்-மணிப் பாட்டரி இருக்கும். பாட்டரியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். பகலில், ஒன்றும் போடாமல் எஞ்ஜினை மட்டும் ஓட்டினாலும் பெட்ரோல் பம்பு முதலியவற்றுக்குப் பத்து முதல் பதினைந்து ஆம்பியர் செலவு. முன் விளக்கு இரண்டும் 55 வாட்ஸ் பல்புகளானால் அவற்றுக்கு மட்டும் ஒன்பது ஆம்பியர். காற்று விசிறி, ரேடியேட்டர் விசிறி, குளிர்சாதனம் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் முப்பது நாற்பதை எட்டும். பாட்டரியில் இருப்பது முழுவதும் கைக்கு வராது. பாதிக்கு மேல் இறங்கியதும் அழுத்தம் குறைந்து எஞ்ஜின் திணறத் தொடங்கும். ஆகவே பகலில் ஒரு மணி நேரம், இரவில் அரை மணி என்று வைத்துக்கொண்டு அதற்குள் காரியத்தை முடிப்பது விவேகம். பாட்டரி பழையதானால் அதிலும் பாதி.

ஆகையால் வழியில் விளக்கு எரிந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது வேறு இரண்டு விஷயங்கள். ஸ்டியரிங் திடீரென்று கனத்துவிட்டதா? எஞ்ஜின் உஷ்ணத்தைக் காட்டும் முள் மேலே ஏறுகிறதா? பல வண்டிகளில் ஒரே பெல்ட்தான் டைனமோவையும், எஞ்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர்ப் பம்பையும், சிலவற்றில் ஸ்டியரிங்குக்கு உதவும் பம்பையும் சுழற்றுகிறது. அந்த பெல்ட் அறுந்தால் மூன்றும் ஒருங்கே நிற்கும். அப்போது பாட்டரி கொடுக்கும் அரை மணிக் கணக்கு செல்லாது. தண்ணீர் ஓடாத எஞ்ஜின் சில நிமிஷங்களில் கொதித்துத் தலைப் பகுதி கோணிவிடும். அதைச் சரிசெய்யும் செலவில் நாலைந்து டைனமோ வாங்கலாம். முள் ஏறினால் ஓரங்கட்டி உடனே எஞ்ஜினை நிறுத்த வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியை அப்போது தொடலாகாது.

முள் அசையவில்லை, ஸ்டியரிங்கும் இலேசாகவே இருக்கிறது என்றால் நிதானமாய் இருக்கலாம். குளிர்சாதனம், விசிறி, பாட்டு, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் கயிறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அடுத்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். எஞ்ஜினை நிறுத்தக் கூடாது. மறுபடி கிளப்புவதற்கு வேண்டிய பெரும் சக்தி பாட்டரியில் மிஞ்சியிராமல் போகலாம். ஆனால் சிக்கனம் என்று எண்ணி இரவில் முன் விளக்கை அணைப்பது மகா பாதகம். விளக்கில்லாமல் பத்து மைல் போவதைவிட, விளக்கோடு இரண்டு மைல் போய், வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கு ஒன்றில் நிற்பதே மேல். மின்சாரம் குறையக் குறைய, பிரேக் சின்னம், காற்றுப்பை சின்னம், ஸ்டியரிங் சின்னம் என்று ஒவ்வொன்றாய் எரியும். வண்டியில் நாலு கோளாறு வந்துவிட்டதென்று கலங்க வேண்டாம். பசி ஒன்று, புலம்புகிற வாய்கள் நாலு. ஒன்று மட்டும் ஜாக்கிரதை: மின்சாரத்தினால் உதவி பெறும் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் அது கடைசி நேரத்தில் கனத்துப்போகும். இரண்டு கைகளாலும் பிடித்து மெதுவாய் ஓட்டுவது நல்லது.

வீட்டில், பகலில், எஞ்ஜினை நிறுத்தி முன் மூடியைத் திறந்து பார்த்தால் பாதிக் காரணங்கள் கண்ணுக்கே தெரியும். பெல்ட் இருக்கிறதா? வெடிப்பு விட்டு நார் நாராய் இருக்கிறதா? எண்ணெய் பட்டு வழவழப்பாகியிருக்கிறதா? பழைய மாதிரி வண்டிகளில் நீளமான பாகத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழலாம். அதற்கு மேல் தாழ்ந்தால் தளர்வு. புதிய வண்டிகளில் தானே இழுத்துப் பிடிக்கும் சக்கரம் ஒன்று உண்டு. காலையில் கிளப்பியதும் “கீச்” என்று அலறிச் சற்று நேரத்தில் அடங்கும் வண்டி, பெல்ட் வழுக்குகிறது என்பதைப் பல நாள் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறது. மழை நாளில் அந்தக் கீச்சு அதிகமாகும்.

பிறகு பாட்டரியின் முளைகள். அவற்றின் மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் மின்சாரம் உள்ளே நுழைய வழியில்லை. கழித்தல் பக்கத்துக் கம்பியை முதலில் கழற்றி, பிறகு கூட்டல் பக்கத்தைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது கூட்டல் முதலில். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் பூத்தது நுரைத்துக் கரையும். சுத்தமான தண்ணீரில் கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவிவிடலாம். எஞ்ஜினிலிருந்து வண்டி உடலுக்குப் போகும் தடித்த எர்த் கம்பியையும், டைனமோவின் பின்னால் செருகியிருக்கும் சிறு பிளக்கையும் அசைத்துப் பார்க்க வேண்டும். சில நாள் நின்றிருந்த வண்டியானால் எலி கடித்ததா என்றும் பார்க்க வேண்டும். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல; எஞ்ஜினின் கதகதப்பை நாடி எலிகள் வருவதும், கம்பிகளின் மேலுறையைக் கரும்பு போல் கடிப்பதும் எந்தப் பட்டறையிலும் கேட்கக்கூடிய கதைதான்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் மல்டிமீட்டர் வேண்டும். சில நூறு ரூபாய்க்கு நல்லதே கிடைக்கிறது. நம் பள்ளி விஞ்ஞான அறையில் பிள்ளைகள் கையாளும் கருவிதான். நேர் மின்சாரம், 20 வோல்ட் என்ற இடத்தில் முள்ளை வைத்து, சிவப்புக் கம்பியைக் கூட்டல் முளையிலும் கறுப்பைக் கழித்தலிலும் தொட வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பாட்டரி நிரம்பியிருக்கிறது; 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே வறுமை. பின்னர் எஞ்ஜினைக் கிளப்பிவிட்டுப் பார்த்தால் 13.8க்கும் 14.5க்கும் நடுவே ஏற வேண்டும். ஏறாமல் 12.4, 12.3 என்று சிறுகச் சிறுக இறங்கிக்கொண்டே இருந்தால் வரவு இல்லை என்பது ருசு. பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக டைனமோவை அவ்வப்போது ஓய்வெடுக்கச் சொல்லும் சில புது வண்டிகளில் மட்டும் கொஞ்ச நேரம் குறைவாகக் காட்டுவது இயல்பு. முன் விளக்கைப் போட்டுவிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். எஞ்ஜின் ஓடும்போது மேல்துண்டு, முந்தானை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட்டின் பக்கம் தொங்கக் கூடாது.

எண் 15ஐத் தாண்டினால் அது எதிர்மாறான வியாதி. அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, டைனமோ பாட்டரியைத் திணறத் திணற ஊட்டுகிறது. பாட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். அழுகிய முட்டை நாற்றம் வரும். பல்புகள் அடிக்கடி போகும். சிவப்பு விளக்கு எல்லா வண்டிகளிலும் இதற்காக எரியும் என்று நம்பி இருப்பதற்கில்லை.

இன்னொரு சோதனை பட்டறைக்காரர்களே பெரும்பாலும் மறந்துவிடுவது. எஞ்ஜின் ஓட, முன் விளக்கு எரிய, மீட்டரின் ஒரு கம்பியை டைனமோவின் பின்னால் உள்ள தடித்த முனையிலும், மற்றொன்றைப் பாட்டரியின் கூட்டல் முளையிலும் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கால் வோல்ட்டுக்குள் இருந்தால் பாதை நன்று. ஒன்று, இரண்டு வோல்ட் காட்டினால் டைனமோ நன்றாக உழைக்கிறது. வழியில் ஏதோ ஒரு முடிச்சில் அல்லது பியூஸில் கொள்ளை போகிறது. இதைப் பாராமல் நல்ல டைனமோவைக் கழற்றிப் புதிது மாட்டி, அதுவும் கொடுக்கவில்லையே என்று தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

விளக்கு முழுவதும் எரியாமல் மின்மினி போல் மங்கலாய் எரிவதும் உண்டு. டைனமோவுக்குள் உண்டாவது மாறி மாறிப் பாயும் மின்சாரம். அதை ஒரு முகமாய்த் திருப்பும் சிலிகன் டயோடுகள் உள்ளே இருக்கின்றன, சாதாரணமாக ஆறு. அவற்றில் ஒன்று போனால் வருமானம் குறையும், அடியோடு நிற்காது. விளக்கும் அரைமனதோடு எரியும். இதைக் கண்டு “அணைந்த மாதிரிதானே” என்று சமாதானம் சொல்லிக்கொள்வது மாமூல்.

பெரியவர்கள் சிலர், “நிற்கும்போது விளக்கு எரியும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணையும், அது ஒன்றுமில்லை” என்பார்கள். அவர்கள் சொன்னது அவர்கள் காலத்தில் உண்மை. 1912ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டியில் சார்ல்ஸ் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரை அமைத்துக் கைப்பிடி சுற்றும் தொல்லையை ஒழித்ததிலிருந்து அரை நூற்றாண்டு வரையில் வண்டிகளில் இருந்தது மெய்யான டைனமோ. எஞ்ஜின் மெதுவாய் ஓடும்போது அதனால் ஒன்றும் கொடுக்க இயலாது. அப்போது விளக்கு எரிவது இயற்கை. மலிவான சிலிகன் டயோடு வந்த பிறகே ஆல்டர்னேட்டர் வண்டியில் ஏற முடிந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியார் 1960ஆம் வருஷத்து வாலியண்ட் வண்டியில் அதை வைத்தார்கள். நம் சென்னையில் பாடியிலே லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலை 1961இல் ஏற்பட்டு, காலக்கிரமத்தில் இங்கேயே அவை உற்பத்தியாயின. ஆல்டர்னேட்டர் எஞ்ஜின் மெதுவாய் ஓடும்போதும் மின்சாரம் கொடுக்கும். ஆதலால் இன்றைய வண்டி சிக்னலில் நிற்கும்போது விளக்கு மினுக்கினால் அது நோயின் முதல் அறிகுறி. பிரஷ் தேய்ந்திருக்கலாம், பெல்ட் வழுக்கலாம்.

பெயர் மட்டும் டைனமோ என்றே நிலைத்துவிட்டதால் அந்தக் காலத்து இன்னொரு வழக்கமும் நிலைத்துவிட்டது; இதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. எஞ்ஜின் ஓடும்போதே பாட்டரியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, “எஞ்ஜின் நிற்கவில்லை பாருங்கள், டைனமோ நன்றாயிருக்கிறது” என்று சொல்லும் பரீட்சை. பழைய டைனமோவும் நாலு பல்பும் மட்டும் இருந்த வண்டிகளில் அது பெரும்பாலும் பிழைத்துப் போயிற்று. இன்று அப்படிச் செய்தால், குதிரின் வாயைச் சட்டென்று மூடியதும் வந்துகொண்டிருந்த நெல் எல்லாம் வீட்டுக்குள் பாய்வது போல், மின் அழுத்தம் ஒரு கணத்தில் நாற்பது, அறுபது வோல்ட், அதற்கு மேலும் எழும்பும். டயோடுகள் பொசுங்கலாம், எஞ்ஜினை ஆளும் கம்ப்யூட்டரும் கருகலாம். கம்ப்யூட்டரின் விலையை விசாரித்தால் நேயர்களுக்கு அன்று இரவு தூக்கம் வராது. எந்தப் பட்டறையிலாவது ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடும் வண்டியின் பாட்டரி முளையை நோக்கி ஒருவர் வந்தால், அவர் எவ்வளவு வயதானவராயிருந்தாலும், எவ்வளவு அன்பானவராயிருந்தாலும், தடுத்துவிட வேண்டும். மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். மீட்டர் இல்லை என்றால் வேறு பட்டறை.

பட்டறையில் பேசும்போது “டைனமோவை மாற்றுங்கள்” என்று நாமாகச் சொல்லாமல், “சார்ஜ் ஏறவில்லை, ஏன் என்று பாருங்கள்” என்று சொல்வது லாபகரம். பிரஷ், ரெகுலேட்டர், பேரிங், டயோடு எல்லாம் தனித்தனியே மாற்றக்கூடியவை. மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். தேய்ந்த கார்பன் பிரஷ் குட்டையாயிருப்பது குழந்தைக்கும் தெரியும். வேலை முடிந்ததும் அங்கேயே மீட்டர் வைத்து 14 வோல்ட்டைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுத்தால் போதும். அடியோடு வற்றிய பாட்டரியை அரை மணி ஓட்டி நிரப்பிவிடலாம் என்று எண்ணாமல், கடையில் ஓர் இரவு சார்ஜ் ஏற்றிக்கொள்வது டைனமோவுக்கும் நல்லது. அதன் பிறகும் பாட்டரி நிற்கவில்லையானால், அப்போது அதன் மேல் குற்றம் சாட்டலாம்.

முழுவதும் மின்சாரத்தால் ஓடும் புது வண்டி வாங்கியிருக்கிறோம், எங்களுக்கு இந்தக் கவலை இல்லையே என்று சில நேயர்கள் நினைக்கலாம். அவற்றிலும் பெரிய பாட்டரிக்குப் பக்கபலமாய் ஒரு சின்ன 12 வோல்ட் பாட்டரி உண்டு. டைனமோ மட்டும் கிடையாது. பெரிய பாட்டரியிலிருந்து அழுத்தத்தைக் குறைத்துச் சின்னதற்கு ஊட்டும் ஒரு பெட்டி அந்த ஸ்தானத்தில் இருக்கிறது. அது ஓய்ந்து சின்னப் பாட்டரி வற்றினால், பெரிய பாட்டரியை இணைக்கும் ஸ்விட்சை மூடுவதற்கே சக்தி இராது. இருநூறு மைல் ஓடக்கூடிய மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு வண்டி வாசலிலேயே நிற்கும். அவற்றின் பலகையிலும் அதே சிவப்புப் பெட்டிதான் எரிகிறது.